ஒரு வருட மீன்பாட்டை ஒரே பக்கத்தில் காட்டினால் சர்வர் படுத்துவிடுகிறது – ஜாங்கோ டெம்ப்ளேட்டில் என்ன செய்வது?

வடகடல் – மே 11, இரவு 9:50

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்து விசைப்படகுச் சங்கம் ஒன்றுக்கு நான்கு வருடம் முன்பு ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையச் செயலி எழுதும் கட்டமைப்பு) ஒரு செயலி எழுதிக் கொடுத்தேன். படகு கரைக்கு வந்ததும் இறால், நண்டு, கணவாய், காரல், சங்காயம் (விலை குறைந்த கழிவு மீன்) என்று ரகத்துக்கு ஒரு வரி ஏறும். எடை, ஏல விலை, வாங்கிய வியாபாரி எல்லாம் அந்த வரியில் இருக்கும். சங்கத்தில் 140 படகுகள். காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் எல்லாம் போக ஒரு படகு வருடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை கடலுக்குப் போகிறது. ஒரு தடவைக்கு 12 வரி என்று வைத்தால் வருடத்துக்கு 1,68,000 வரி. இதே கணக்கில் நான்கு வருடத்துக்கு அதிகபட்சம் 6,72,000.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகுகள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. வருடக் கணக்கை முடிப்பது இந்த நாட்களில்தான். 'வருடப் பட்டியல்' என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அந்த வருடத்து வரிகள் அத்தனையையும் டெம்ப்ளேட்டுக்கு (பக்கத்தின் ஹெச்டிஎம்எல் வார்ப்பு) அனுப்பி, அங்கே ஒரு ஃபார் லூப்பில் டேபிளாக அடுக்குவது. முதல் வருடம் படகுகள் குறைவு, பக்கம் தாமதமாக வந்தாலும் வந்தது. இந்த வருடம் ஒருவர் திறந்தால் நிமிடக்கணக்கில் சுற்றுகிறது. இருவர் சேர்ந்து திறந்தால் 2 ஜிபி மெமரி உள்ள சர்வர் அப்படியே விழுந்துவிடுகிறது. நேற்று மூன்று தடவை விழுந்தது.

குவெரிசெட்டில் (டேட்டாபேஸிலிருந்து ஜாங்கோ எடுத்துத் தரும் வரிகளின் தொகுப்பு) இட்டரேட்டர் (வரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் வழி) போட்டால் மெமரி குறையும் என்று படித்தேன். போட்டேன். ஒரு வித்தியாசமும் இல்லை. எங்கே தவறு செய்கிறேன்? ஜூன் 15 படகுகள் இறங்குவதற்குள் சரி செய்தாக வேண்டும்.

---

கீழக்கரையான் – மே 11, இரவு 11:15

தம்பி, வியூவில் (பக்கத்துக்கான தரவை எடுத்து டெம்ப்ளேட்டுக்குத் தரும் நிரல்) 'செலக்ட் ரிலேட்டட்' போட்டிருக்கிறீர்களா? டேபிளில் படகின் பெயரும் வியாபாரியின் பெயரும் காட்டுகிறீர்கள் அல்லவா, அவை வேறு டேபிளில்தானே இருக்கும்?

---

வடகடல் – மே 11, இரவு 11:22

இல்லை காக்கா. டெம்ப்ளேட்டில் வரி, புள்ளி, படகு, புள்ளி, பெயர் என்று நேராகக் கேட்டிருக்கிறேன். வியாபாரிக்கும் அப்படியேதான்.

---

கீழக்கரையான் – மே 12, காலை 6:40

அப்படியானால் முதலில் அதைப் பார்ப்போம். இட்டரேட்டருக்கு அப்புறம் வருகிறேன்.

டெம்ப்ளேட்டில் ஒரு புள்ளி வைத்து அடுத்த டேபிளுக்குப் போகும்போது ஜாங்கோ உங்களைக் கேட்காமலேயே டேட்டாபேஸுக்கு ஒரு குவெரி (கேள்வி) அனுப்பிவிடும். ஒரு வரிக்குப் படகுக்கு ஒன்று, வியாபாரிக்கு ஒன்று. 1,68,000 வரிக்கு 3,36,000 குவெரி. ஒவ்வொன்றும் ஒரு மில்லிவிநாடியில் முடிந்தாலும் ஐந்தரை நிமிடம் போய்விடும். இந்தத் தவறு வியூவைப் படித்தால் கண்ணில் படாது. டெம்ப்ளேட்டை மட்டும் படித்தாலும் படாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஜாங்கோ டீபக் டூல்பாரை நிறுவி, ஒரே ஒரு நாளின் வரிகளை மட்டும் காட்டும்படி மாற்றிவிட்டு, எத்தனை குவெரி போகிறது என்று எண்ணிப் பாருங்கள். செலக்ட் ரிலேட்டட் போட்டால் டேபிள்களை இணைக்கும் (ஜாயின்) ஒரே குவெரியாகிவிடும். அதன் பிறகு அந்த எண்ணிக்கை கூடவே கூடாது என்று 'அசர்ட் நம் குவெரிஸ்' வைத்து ஒரு டெஸ்ட்டும் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது டெம்ப்ளேட்டில் இன்னொரு புள்ளி வைப்பார்கள். டெஸ்ட் இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இனி இட்டரேட்டர். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சாதாரண குவெரிசெட்டை ஒருமுறை லூப்பில் ஓட்டினால், வந்த ஆப்ஜெக்டுகளை எல்லாம் தனக்குள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும், மறுபடி கேட்டால் கொடுப்பதற்காக. இட்டரேட்டர் போட்டால் அந்தச் சேமிப்பு கிடையாது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் சர்வர் பக்கத்து கர்சர் (முடிவைப் பகுதி பகுதியாக எடுக்கும் வழி) திறந்து 2,000 வரியாக எடுத்துக் கொடுக்கும். மையெஸ்க்யூஎல் என்றால் அந்த வசதி கிடையாது, டிரைவர் முழு முடிவையும் வாங்கி மெமரியில் வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கும்.

ஆனால் நீங்கள் அதை டெம்ப்ளேட்டின் ஃபார் டேக்குக்குக் கொடுக்கிறீர்கள். அந்த டேக்கின் மூல நிரலைத் திறந்து பாருங்கள், பத்து நிமிட வேலை. உள்ளே வந்த பொருளுக்கு நீளம் தெரியாவிட்டால், அது முதல் வேலையாக எல்லாவற்றையும் ஒரு லிஸ்ட்டாக மாற்றிவிடுகிறது. கடைசி வரி எது, பின்னாலிருந்து எண்ணினால் எத்தனையாவது என்றெல்லாம் அது சொல்ல வேண்டும் அல்லவா? நீளம் தெரியாமல் சொல்ல முடியாது. நீங்கள் வியூவில் சொட்டுச் சொட்டாக விட்ட தண்ணீரை டெம்ப்ளேட் ஒரு அண்டாவில் பிடித்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறது.

அதோடும் முடியவில்லை. ஜாங்கோ டெம்ப்ளேட் ஒவ்வொரு துண்டையும் சரமாக்கி ஒரு லிஸ்ட்டில் சேர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே பெரிய சரமாகத் தரும். உங்கள் டேபிளில் ஒரு வரிக்கு 500 பைட் ஹெச்டிஎம்எல் என்று வைத்தால் 84 எம்பி. ஆப்ஜெக்டுகள் ஒரு பக்கம், துண்டுகள் ஒரு பக்கம், ஒட்டிய சரம் ஒரு பக்கம். இரண்டு பேர் திறந்தால் 2 ஜிபி எப்படித் தாங்கும்?

---

தொண்டிக்கரை – மே 12, காலை 9:05

நான் லாரவெல் (பிஹெச்பி மொழியின் இணையக் கட்டமைப்பு) ஆள். இங்கேயும் இதே கதைதான் என்பதால் எழுதுகிறேன். 'கர்சர்' என்று ஒரு மெதட் உண்டு, ஒரு நேரத்தில் ஒரு மாடல் ஆப்ஜெக்ட் மட்டும் மெமரியில் இருக்கும். ஆனால் அடியில் உள்ள பிடிஓ டிரைவர் (பிஹெச்பியை டேட்டாபேஸோடு இணைப்பது) மூல முடிவு முழுவதையும் தன் பஃபரில் வைத்திருக்கும், வரிகள் மிக அதிகமானால் அதிலும் மெமரி தீரும். இதை லாரவெல் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதனால் நான் 'லேசி' அல்லது 'சங்க் பை ஐடி' வைத்துத் துண்டு துண்டாகத்தான் எடுப்பேன். அதுவும் இரவில் ஓடும் வேலைகளுக்கு மட்டும்.

பக்கத்தில் காட்டுவதற்கு என்றால் பேஜினேஷன்தான். 50 வரி காட்டு, அடுத்த பக்கம் என்று ஒரு பட்டன் வை. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஜாங்கோவிலும் பேஜினேட்டர் தயாராகவே இருக்கிறதே.

---

வடகடல் – மே 12, மதியம் 1:30

கீழக்கரைக் காக்கா சொன்னபடி செய்து பார்த்தேன். ஒரு நாள் வரிகளுக்கு மட்டும் 3,000 குவெரிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. செலக்ட் ரிலேட்டட் போட்டதும் ஒன்று! பக்கத்தின் நேரம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் வருடப் பட்டியலை இருவர் திறந்தால் சர்வர் இன்னும் விழுகிறது. ஃபார் டேக்கின் நிரலையும் பார்த்தேன். நீங்கள் சொன்ன அந்த வரி அங்கே அப்படியே இருக்கிறது. இரண்டு நாளாக இட்டரேட்டரோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த ஒரு வரியில் பதில் கிடைத்துவிட்டது. நன்றி காக்கா.

தொண்டிக்கரை அண்ணே, பேஜினேஷன் இரண்டாவது வருடமே போட்டுப் பார்த்தேன். சங்கத்தில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, பழையபடி மாற்றச் சொல்லிவிட்டார்கள். கணக்குப்பிள்ளை அண்ணன் அன்றைக்கு மிகவும் சங்கடப்பட்டார். ஏன் என்று நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. பழக்கம் இல்லாததால் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

---

பாசிக்காரர்_மகள் – மே 12, மாலை 6:20

ஊர் ஏர்வாடிப் பக்கம், வேலை சென்னையில், டேட்டாபேஸ் நிர்வாகம். 'பழக்கம் இல்லாததால்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். தம்பி, அவரிடம் திரும்பக் கேளுங்கள். ஆஃப்செட் வைத்த பேஜினேஷனில் உண்மையிலேயே ஒரு பிழை இருக்கிறது, அவர் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

பேஜினேட்டர் செய்வது லிமிட், ஆஃப்செட். இரண்டாவது பக்கம் என்றால் 'முதல் 50-ஐத் தள்ளு, அடுத்த 50-ஐக் கொடு'. புதிய வரிகள் மேலே வரும்படி வரிசைப்படுத்தியிருப்பீர்கள். காலை ஏல நேரத்தில் ஒருவர் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் இன்னொரு படகு வந்து 12 வரி ஏறுகிறது. அவர் 'அடுத்த பக்கம்' அமுக்குகிறார். முதல் பக்கத்தின் கடைசி 12 வரிகள் கீழே தள்ளப்பட்டு, இரண்டாம் பக்கத்தின் தலையில் மறுபடி நிற்கும். கூட்டிக்கொண்டே போகிறவர் ஒரே இறாலை இரண்டு தடவை கூட்டிவிடுவார். யாராவது வரியை அழித்தால் தலைகீழ், ஒரு வரி யார் கண்ணிலும் படாமலே போய்விடும். வரிசை என்று ஒன்று கொடுக்காமலே பேஜினேட்டரை விட்டிருந்தால் இன்னும் மோசம். ஜாங்கோ எச்சரிக்கை தரும், ஆனால் அது லாகில்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ் எந்த வரிசையில் வேண்டுமானாலும் வரிகளைத் தரலாம்.

வேகமும் இடிக்கும். 3,000-ஆவது பக்கத்துக்கு ஆஃப்செட் ஒன்றரை லட்சம். டேட்டாபேஸ் அந்த ஒன்றரை லட்சம் வரியையும் எடுத்துப் பார்த்து, தூக்கிப் போட்டுவிட்டுத்தான் உங்கள் 50-க்கு வரும். பின்னால் போகப்போக மெதுவாகும். இதற்கு மேல் மொத்தப் பக்க எண்ணிக்கை சொல்வதற்காக ஒவ்வொரு தடவையும் ஒரு கவுண்ட் ஓடும். ஒவ்வொரு டிரான்சாக்ஷனுக்கும் கண்ணுக்குத் தெரியும் வரிகள் வேறுபடலாம் என்பதால் போஸ்ட்கிரெஸ் மொத்த எண்ணிக்கையை எங்கேயும் எழுதி வைத்திருக்காது, ஒவ்வொரு தடவையும் எண்ணித்தான் சொல்லும்.

மாற்று வழி, விட்ட இடத்தைச் சொல்லிக் கேட்பது. 'இத்தனை வரி தள்ளு' என்று கேட்காமல், 'நான் கடைசியாகப் பார்த்தது இந்தத் தேதி, இந்த ஐடி. இதற்குப் பழையதில் 50 கொடு.' தேதி, ஐடி இரண்டுக்கும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் (தேடு அட்டவணை) போட்டால் நேராக அந்த இடத்தில் போய் இறங்கும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே வேகம். புதிய வரி எத்தனை வந்தாலும் பார்த்தது திரும்ப வராது. ஜாங்கோவில் க்யூ ஆப்ஜெக்ட் வைத்து 'தேதி குறைவு, அல்லது தேதி சமமாக இருந்து ஐடி குறைவு' என்று எழுத வேண்டும். கூடவே 'தேதி இதற்கு மேல் இல்லை' என்ற நிபந்தனையையும் தனியாகச் சேர்த்து எழுதுங்கள். 'அல்லது' மட்டும் இருந்தால் இன்டெக்ஸை முழுதாகப் பயன்படுத்தாமல் போகலாம்.

இதில் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். '47-ஆவது பக்கத்துக்குப் போ' என்று நேராகத் தாவ முடியாது. முன்னே, பின்னே, அவ்வளவுதான்.

---

தொண்டிக்கரை – மே 12, இரவு 8:10

அக்கா சொன்ன அந்த இரட்டை வரி விஷயம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. என்னுடைய இரண்டு செயலிகளில் ஆஃப்செட்தான் ஓடுகிறது. அதில் ஒன்று பணக் கணக்கு. லாரவெலில் 'கர்சர் பேஜினேட்' என்று இதற்குத் தனியே இருக்கிறது, இன்றிரவே மாற்றிவிடுகிறேன். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று காலையில் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

---

வடகடல் – மே 13, காலை 10:45

கணக்குப்பிள்ளை அண்ணனிடம் நேரில் போய்க் கேட்டேன். இந்த இழையையும் படித்துக் காட்டினேன். தானே எழுதுகிறேன் என்று இந்தத் தளத்தில் கணக்கு தொடங்கியிருக்கிறார். அடுத்தது அவர்தான்.

---

கணக்குப்பிள்ளை – மே 13, காலை 11:30

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கணினி நிரல் தெரியாது. 26 வருடமாகக் கரையில் கணக்கு எழுதுகிறேன். தம்பி கேட்டதால் எழுதுகிறேன்.

ஏர்வாடித் தங்கச்சி சொன்னதுதான் நடந்தது. அந்த வருடம் பக்கம் பக்கமாகப் போட்டுக் கொடுத்தபோது ஒரு படகின் இறால் இரண்டு தடவை என் கூட்டலில் வந்துவிட்டது. படகுக்காரருக்கும் வியாபாரிக்கும் பேச்சாகி, கடைசியில் என் பக்கம் திரும்பியது. நான் தவறாகக் கூட்டிவிட்டேன் என்று நானும் நம்பினேன். இரண்டு இரவு உட்கார்ந்து நோட்டை வைத்துத் திரும்பக் கூட்டினேன். இத்தனை நாள் கழித்து அது என் தவறு இல்லை என்று தெரிகிறது. மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

அப்புறம், எல்லா வரியும் ஒரே பக்கத்தில் வேண்டும் என்று நான் கேட்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தேடுவது. படகு எண்ணின் கடைசி மூன்று, நான்கு எண்ணைச் சொல்லித்தான் ஆட்கள் கேட்பார்கள். பிரவுசரில் கண்ட்ரோல் எஃப் போட்டால் கிடைத்துவிடும். பக்கம் பக்கமாக இருந்தால் அந்தப் பக்கத்தில் இருப்பது மட்டும்தான் கிடைக்கும். இரண்டு, மொத்தம். பக்கத்தின் அடியில் வரும் கூட்டல் அந்த 50 வரிக்கு மட்டும் வந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

1,68,000 வரியையும் நான் படிக்கிறேனா என்று கேட்டால், இல்லை. யாராலும் படிக்க முடியாது. என் நோட்டில் ஒரு பக்கம் என்பது ஒரு நாள். இடது ஓரத்தில் படகு எண், ஒரு படகுக்கு ஒரு வரி, கடைசியில் அந்தப் படகின் மொத்தம். ரகம் வாரியாக வேண்டும் என்றால் அந்தப் படகின் சீட்டைத் தனியாக எடுத்துப் பார்ப்பேன். விசைப்படகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போவதால் வாரத்துக்கு மூன்று பக்கம்தான் நிரம்பும். பழைய நோட்டில் எதையாவது தேடினால் தேதியை வைத்துத்தான் புரட்டுவேன். நூறாவது பக்கம், இருநூறாவது பக்கம் என்று யாரும் புரட்டுவதில்லை.

---

பாசிக்காரர்_மகள் – மே 13, மதியம் 12:15

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நாங்கள் மூன்று பேர் இரண்டு நாளாகப் பேசியதற்கான விடை உங்கள் நோட்டில் இருக்கிறது.

தம்பி, 50 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது யாருடைய வேலையிலும் இல்லாத எண். பக்கம் என்றால் ஒரு நாள். ஒரு படகுக்கு ஒரு வரி. எவ்வளவு நிறைந்த நாளாக இருந்தாலும் 140 வரிதான். அதற்கு பேஜினேஷனே வேண்டாம், முழுதாகக் காட்டலாம், ஐயாவின் கண்ட்ரோல் எஃப்பும் வேலை செய்யும். கூட்டலைப் பைத்தானிலோ டெம்ப்ளேட்டிலோ செய்யாதீர்கள். படகு வாரியாகத் தொகுத்து 'சம்' போட்டு டேட்டாபேஸிலேயே செய்துவிடுங்கள். 1,680 வரியைக் கூட்டி 140 வரியாகத் தருவது போஸ்ட்கிரெஸுக்கு ஒரு வேலையே இல்லை. படகின் வரியை அமுக்கினால் அன்றைய 12 ரக வரிகள் திறக்கட்டும்.

முன்னே, பின்னே பட்டனுக்கு, இந்தத் தேதிக்கு முன்னால் வரிகள் உள்ள கடைசித் தேதி எது என்று கேளுங்கள். கடலுக்குப் போகாத நாட்கள் தானாகத் தாண்டிவிடும். தேதியே பக்கத்தின் முகவரியில் இருப்பதால், நடுவில் எத்தனை படகு வந்து ஏறினாலும் நேற்றையப் பக்கம் நேற்றையப் பக்கமாகவே இருக்கும். வருட மொத்தம் வேண்டுமா? மாத வாரியாக, ரக வாரியாகத் தொகுத்த இன்னொரு பக்கம். அதுவும் சில நூறு வரிக்குள் முடியும்.

---

கீழக்கரையான் – மே 13, மாலை 4:00

இதைத்தான் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்: அந்தப் பக்கத்தைத் திறப்பவர் எதைத் தேடுகிறார்? நான் மெமரியைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை.

தேடல் பெட்டி வைப்பீர்கள் என்பதால் ஒன்று. எங்கள் பக்கத்துப் பதிவெண்கள் 'ஐஎன்டி-டிஎன்-10-எம்எம்' என்பது போல நீளமாகத் தொடங்கும். கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னபடி ஆட்கள் கேட்பது கடைசி எண்ணை. 'இந்த எண்ணில் முடிகிறதா' என்று தேடினால் சாதாரண பி-ட்ரீ இன்டெக்ஸ் உதவாது, அது முன்னெழுத்திலிருந்துதான் போகும். கடைசி எண்ணைத் தனிப் பத்தியாகப் பிரித்து வைத்து அதற்கு இன்டெக்ஸ் போடுங்கள். 140 படகுக்கு இது பெரிய விஷயம் இல்லை, ஆனால் மீன்பாட்டு வரிகளிலேயே பதிவெண்ணை எழுதி வைத்திருந்தால் உடனே இடிக்கும். ஒரு படகின் பழைய வரலாற்றைத் தேடிக் காட்டும் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அந்தத் தங்கச்சி சொன்ன 'விட்ட இடத்திலிருந்து' முறையை வையுங்கள். அங்கே வரிகள் ஆயிரத்தைத் தாண்டும்.

மீன் பெயரில் தேடுவதாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். 'கொடுவா' என்பதில் வரும் ஒகரக் குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், எகரக் குறியும் காலும் தனித்தனியாக இரண்டாகவும் இருக்கலாம். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு சொல். ஒருவர் ஒரு விசைப்பலகையில் அடித்ததை இன்னொருவர் தேடினால் கிடைக்காமல் போகலாம். சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பழைய வரிகளுக்குப் போஸ்ட்கிரெஸ் 13-லிருந்தே 'நார்மலைஸ்' இருக்கிறது, ஒரே அப்டேட்டில் முடிந்துவிடும். தமிழில் தேடல் பெட்டி வைக்கும் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம் ஆட்கள் 'கணினியில் தமிழில் தேடினால் கிடைக்காது' என்று முடிவு கட்டிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

---

தொண்டிக்கரை – மே 13, மாலை 5:30

ஒரு சந்தேகம். ஸ்ட்ரீமிங் செய்தால் என்ன? முழுப் பக்கத்தையும் ஒட்டி அனுப்பாமல், வரி தயாராகத் தயாராக அனுப்பிக்கொண்டே இருக்கலாமே? ஃப்ளாஸ்க்கில் (இன்னொரு பைத்தான் கட்டமைப்பு) 2.2-லிருந்து 'ஸ்ட்ரீம் டெம்ப்ளேட்' வந்திருக்கிறது. அதன் ஜிஞ்சா டெம்ப்ளேட் துண்டு துண்டாகத் தரக்கூடியது.

---

கீழக்கரையான் – மே 13, மாலை 6:15

சர்வரின் மெமரி பிழைக்கும், உண்மை. ஆனால் வாங்குகிற பக்கத்தையும் பாருங்கள். ஒரு வரிக்குப் பத்து எலிமென்ட் என்றால் 16,80,000 எலிமென்ட். அதைக் கட்டி முடிக்க வேண்டியது ஏலக்கூடத்தில் ஒருவர் கையில் வைத்திருக்கும் போன். ஜிசிப் போட்டு அனுப்பினால் வழியில் சுருங்கும், ஆனால் போனில் போய் விரிந்துதானே ஆக வேண்டும்? டேபிளாக இருந்தால் இன்னும் கனம். பத்தியின் அகலம் உள்ளடக்கத்தைப் பொறுத்தது என்பதால் வரி வர வர பிரவுசர் அகலத்தைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டிவரும். டேபிள் லேஅவுட்டை ஃபிக்ஸ்டு என்று வைத்தால் அந்த ஒரு வேலை குறையும். 140 வரிக்கும் அதை வைத்துவிடுங்கள், கெடுதல் இல்லை.

ஸ்ட்ரீமிங் தேவைப்படும் இடம் வேறு. தணிக்கையாளர் முழுக் கோப்பையும் கேட்பார் அல்லவா?

---

வடகடல் – மே 13, இரவு 9:00

கேட்பார் காக்கா. வருடம் ஒருமுறை எக்செல்லில் முழுதாகக் கேட்பார். இதுவரை அவருக்கு அந்த வருடப் பட்டியல் பக்கத்தைத்தான் நகலெடுத்து ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

---

பாசிக்காரர்_மகள் – மே 13, இரவு 9:40

அதற்கு டெம்ப்ளேட்டே வேண்டாம். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எளிய உரை) கோப்பு. இங்கேதான் உங்கள் இட்டரேட்டருக்கு உண்மையான வேலை இருக்கிறது. வேல்யூஸ் லிஸ்ட் போட்டு, மாடல் ஆப்ஜெக்டே உருவாக்காமல், இட்டரேட்டரில் எடுத்து, ஸ்ட்ரீமிங் ரெஸ்பான்ஸில் வரிவரியாக விடுங்கள். நடுவில் லிஸ்ட்டாக்க ஃபார் டேக் இல்லை. மெமரி அப்படியே சமமாக நிற்கும்.

கவனிக்க வேண்டியவை சில. பிஜிபவுன்சரை (போஸ்ட்கிரெஸ் இணைப்புகளைப் பகிரும் மென்பொருள்) டிரான்சாக்ஷன் முறையில் வைத்திருந்தால் சர்வர் பக்கத்து கர்சர் பாதியில் தொலைந்துபோகும், அதை நிறுத்த ஜாங்கோவில் ஒரு அமைப்பு இருக்கிறது. 'அட்டாமிக் ரெக்வெஸ்ட்ஸ்' (ஒவ்வொரு வியூவையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தாலும் ஸ்ட்ரீமிங் ஓடும் நேரம் அந்த டிரான்சாக்ஷனுக்கு வெளியேதான், ஏனென்றால் வியூ ஏற்கெனவே திரும்பிவிட்டது. குனிகார்ன் (பைத்தான் செயலியை ஓட்டும் சர்வர்), அதன் சாதாரண வொர்க்கர் 30 விநாடிக்கு மேல் ஒரே வேலையில் சிக்கினால், அந்த வொர்க்கரை நிறுத்திவிடும். வருடம் ஒருமுறை என்பதால் நானாக இருந்தால் கட்டளை வரியில் இரவில் ஓட விட்டு, கோப்பை எழுதி வைத்து, காலையில் இணைப்பை மட்டும் கொடுப்பேன்.

கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 பிஓஎம் குறியை (எழுத்துக் குறியாக்கம் எது என்று காட்டுவது) போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எக்செல்லில் நேராகத் திறக்கும்போது தமிழ்ப் பெயர்கள் எல்லாம் சிதைந்து தெரியும். எக்செல் ஒரு தாளில் 10,48,576 வரி வரை ஏற்கும், உங்கள் நான்கு வருடமும் ஒரே தாளில் அடங்கும்.

---

வடகடல் – மே 29, இரவு 10:20

தாமதத்துக்கு மன்னிக்கவும். வலை மராமத்து, படகுக்குப் பெயிண்ட் என்று அப்பாவுக்கு உதவியாக நின்றதில் இரவில்தான் நேரம் கிடைத்தது.

நாள் பக்கம் முடிந்துவிட்டது. இரண்டு குவெரி, 140 வரி. என் பழைய போனில்கூட அமுக்கிய உடனே வருகிறது. வருடப் பட்டியல் பக்கத்தையே நீக்கிவிட்டேன். நான்கு வருடம் காப்பாற்றிய பக்கம், நீக்கும்போது கை தயங்கியது.

வழியில் ஒன்று கற்றுக்கொண்டேன், மற்றவர்களுக்குப் பயன்படும். 'அன்று படகு போகவில்லை' என்று காட்ட டெம்ப்ளேட்டில் ஒரு இஃப் வைத்திருந்தேன். முன்பு இட்டரேட்டரை நேராக அனுப்பியபோது அந்தச் செய்தி ஒருநாளும் வந்ததில்லை. உள்ளே வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இட்டரேட்டர் தரும் ஜெனரேட்டர் பைத்தானுக்கு எப்போதும் 'உண்மை'தான். ஃபார் டேக்குக்குள் 'எம்ப்டி' வைத்தால் சரியாக வருகிறது. அதே இட்டரேட்டரை டெம்ப்ளேட்டில் இரண்டாவது லூப்பில் ஓட்டினால் ஒன்றுமே வராது என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். முதல் லூப்பே தீர்த்துவிடுகிறது.

'கொடுவா' சோதனையும் செய்தேன் காக்கா. நான்கு வருட வரிகளில் இரண்டு வடிவமும் கலந்துதான் கிடந்தன. மாற்றிவிட்டேன்.

---

கணக்குப்பிள்ளை – ஜூன் 16, மதியம் 2:10

நேற்றுப் படகுகள் போய் இன்று காலை கரைக்கு வந்தன. தடைக்காலம் முடிந்த முதல் பாடு என்பதால் கூட்டம் அதிகம். விடியற்காலையில் தொடங்கிய ஏலம் பத்து மணி வரை நடந்தது. நான் வழக்கம்போல நோட்டிலும் எழுதினேன், தம்பியின் பக்கத்தையும் திறந்து வைத்திருந்தேன். வரி ஏறிக்கொண்டே இருந்தது, பக்கம் நிற்கவில்லை. கடைசியில் இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிட்டேன். ஒரு படகில் மட்டும் வித்தியாசம் வந்தது. சீட்டை எடுத்துப் பார்த்தால் நோட்டில் நான்தான் 38-ஐ 33 என்று எழுதியிருக்கிறேன். திருத்திவிட்டேன், இப்போது இரண்டும் ஒன்று.

தம்பி, ஒரு வேலை மட்டும் பாக்கி. சங்காயத்தை மற்ற மீனோடு சேர்த்துக் கூட்டினால் படகின் எடை பெரிதாகத் தெரிகிறது, பணம் அதற்குத் தக்கபடி இருப்பதில்லை. படகுக்காரர்கள் கேட்கிறார்கள். அதை மட்டும் தனிப் பத்தியில் காட்ட முடியுமா?

---

வடகடல் – ஜூன் 16, மதியம் 2:25

முடியும் அண்ணே. 'சம்' உள்ளேயே ஒரு ஃபில்டர் போட்டால் அதே குவெரியில் தனியாக வந்துவிடும். நாளை மறுநாள் படகுகள் வருவதற்குள் வைத்துவிடுகிறேன்.